ஆசனம் அளியாத அண்ணல்களுக்கு ஒரு மாலை

அடிப்பதற்குக் கை இருந்தால் போதும். ஏசுவதற்கு வாய் இருந்தால் போதும். எதிரே நிற்கும் மனிதரைக் கை படாமல், குரல் உயராமல், ஒரு சாண் குறைத்து அனுப்புவதற்கோ குலப்பெருமையும் குருகுலவாசமும் முன்செய் தவமும் வேண்டும். அந்த அரும்பெருங் கலையின் ஆசான்மார்களை, அவர்களுடைய பொற்பாதம் பட்ட காரைக்கால் சீமையில் இருந்துகொண்டே புகழாமல் விடுவது நன்றி கொன்ற செயலாகும். ஆதலால் இம்மாலை. தொடுத்தவன் சிறியவன். சூடுகிறவர்களோ, மற்ற அனைவரையும் சிறியவராக்கவல்ல பெரியவர்கள்.

இக்கலையை உலகம் எவ்வளவு போற்றுகிறது என்பதற்கு ஆங்கில அகராதியே சாட்சி. நாம் ‘மட்டம் தட்டுவது’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் காரியத்தை ஆங்கில வித்வான்கள் தனித்தனி இலாகாவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை நியமித்திருக்கிறார்கள். டெனிகிரேட் என்பவர் நற்பெயர்மீது கரி பூசும் அதிகாரி. அவருடைய லத்தீன் பூர்வீகத்திலேயே கறுப்பு இருக்கிறது. டிஸ்பரேஜ் என்பவர் தரத்தை இறக்குகிறவர். பழைய பிரெஞ்சில் அந்தஸ்து குறைந்த இடத்தில் சம்பந்தம் செய்து வைப்பதற்கு அந்தப் பெயர். (எந்த இடம் குறைந்த இடம் என்று கண்டுபிடிக்க நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அகராதி தேவைப்பட்டதே இல்லை என்பதை இங்கே பெருமிதத்தோடு பதிவு செய்கிறேன்.) டிரைட் என்பவர் சிரித்தே ஆளைக் கரைப்பவர். டிஸ்மிஸ் என்பவர் சிரிப்பதற்கும் நேரம் ஒதுக்காதவர். பிலிட்டில் என்பவர் கரியும் பூசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். இருக்கிற ஆளை இருக்கிற இடத்திலேயே சின்னதாக்கிவிடுவார்.

இந்த ஐவருள் பிலிட்டில்தான் இளையவர். அமெரிக்கத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனை அவருக்குத் தந்தையாகச் சொல்வது வழக்கம். அந்நாளில் பாரிஸ் மாநகரில் பூஃபோன் என்ற இயற்கை நூல் மேதை வாழ்ந்தார். அமெரிக்க மண்ணில் விலங்குகள்கூடக் குன்றிப்போய்த்தான் பிறக்கும் என்று அருளினார். அந்தக் கண்டத்தில் காலே வைக்காமல் அருளினார் என்பதுதான் அவருடைய மேதைமை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தாழ்த்துவதற்கு யாரால்தான் ஆகாது? மனம் நொந்த ஜெஃபர்சன், தம் வர்ஜீனியா மாநிலத்தைப் பற்றி எழுதி 1785இல் பாரிஸிலேயே அச்சிட்ட நூலில், இயற்கை எங்கள் பக்கம் மட்டும் தன் படைப்புகளைச் சிறிதாக்குவதாக நினைக்கிறார்களே என்று குறைப்படும் இடத்தில் இந்தச் சொல்லை இட்டார். 1787இல் லண்டன் பத்திரிகை ஒன்று அந்தச் சொல்லையே எடுத்துவைத்துக் கேலி செய்தது. சிறுமைப்படுத்துவதைக் குறிக்கப் பிறந்த குழந்தைக்குத் தொட்டிலிலேயே சிறுமை வாய்த்தது. இதைவிடப் பொருத்தமான பெயர்சூட்டு விழா எந்தச் சொல்லுக்கு நடந்திருக்கிறது? அதே ஆண்டு, பூஃபோனுக்கு மறுமொழியாக, மூஸ் என்னும் பிரம்மாண்டமான மானின் தோலையும் எலும்பையும் கொம்பையும் கடல் கடத்தி ஜெஃபர்சன் பாரிஸுக்கு வரவழைத்தார். ஒருவர் பேனா முனையால் செய்ததைத் திருப்ப, இன்னொருவர் ஒரு முழு விலங்கைக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. கலையின் சிக்கனத்தைப் பார்த்தீர்களா?

தமிழிலும் சாத்திரம் உண்டு. சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கைச் சொல்ல வந்த தொல்காப்பியர் எள்ளலைத்தான் முதலில் வைத்தார். அங்கதத்தையும் இரண்டாகப் பிரித்தார். வெளிப்பட வைவது ஒன்று, வைவதை மறைத்து வைவது ஒன்று. மறைத்துச் சொல்லும் சாமர்த்தியம் அடியேனுக்கு இல்லை. உள்ளதை உள்ளபடி புகழ மட்டுமே பழகியவன் என்பதைப் படிக்கிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

சாத்திரம் கிடக்கட்டும். செய்துகாட்டியவர் பெருமைக்கு வருகிறேன்.

காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினம் போகும் வழியில் திருமலைராயன்பட்டினம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட திருமலைராயர் பெயரால் ஊரும் உண்டு, பக்கத்தில் ஓர் ஆறும் உண்டு. ராயரின் சபையை அலங்கரித்தவர் அதிமதுரகவிராயர். அவருக்குக் கீழே தண்டிகைப் புலவர்கள் 64 பேர். தண்டிகை என்றால் பல்லக்கு. கவி எழுதுகிறவர் கால் மண்ணில் படக்கூடாது என்ற உயர்ந்த இலக்கியக் கொள்கை அன்றே இங்கே நடைமுறையில் இருந்தது. அந்தச் சபைக்குத்தான் காளமேகப் புலவர் வந்து சேர்ந்தார். திருவரங்கத்தில் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தவர், திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூலத்தை வாயில் வாங்கிப் பாடத் தொடங்கியவர் என்பார்கள். பல்லக்கு இல்லாதவர். வீதியில் அதிமதுரகவிராயர் பவனி வரும்போது, கூட்டத்தோடு கூட்டமாக வாழ்க சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவர். ஏன் என்று அதட்டிய கட்டியக்காரனுக்கு எதிர்ப்பாட்டும் சொன்னவர். இங்கிதம் தெரியாதவர் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அவரை ராயர் வரவேற்ற விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. புலவர் எலுமிச்சம்பழத்தை நீட்டி ஆசி சொன்னார். ராயர் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. இவ்வளவுதான் நடந்தது. ஒரு கடுஞ்சொல் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. சபையில் இருந்த 64 பேரும் அமர்ந்திருக்க, வந்தவர் நடுவில் நின்றார். ராயர் ‘போ’ என்று சொல்லியிருந்தால் அது விரட்டல். போனவருக்கு ரோஷம் மிஞ்சியிருக்கும். ‘உன் பாட்டு சரியில்லை’ என்றிருந்தால் அது விமர்சனம். பதில் சொல்ல இடம் இருந்திருக்கும். சும்மா இருந்தார் பாருங்கள், அங்கேதான் கலை உச்சிக்கு ஏறுகிறது. நிற்கிறவன் தன் கையை எங்கே வைப்பது, பார்வையை எங்கே போடுவது, வந்ததே தவறோ என்று தனக்குள் தானே வழக்காடித் தானே தோற்கும் அந்த அரை நாழிகையை, ஒரு காசு செலவில்லாமல் சமைத்துக் கொடுத்த மகாராஜா அவர். ஐந்து ஆங்கில அதிகாரிகளும் சேர்ந்து செய்யவேண்டிய வேலையை ஒரே ஒரு காலி ஆசனத்தைக் கொடுக்காமல் செய்து முடித்தார்.

காளமேகம் நின்றபடியே கலைமகளை வேண்டினார் என்றும், அவள் அருளால் ராயரின் சிங்காதனமே ஒருபுறம் வளர்ந்து இடம் கொடுத்தது என்றும், அவர் ராயருக்குப் பக்கத்திலேயே ஏறி அமர்ந்தார் என்றும் கதை சொல்கிறது. தெய்வத்துக்கு இங்கிதம் போதாது என்று தோன்றும் இடங்களில் இதுவும் ஒன்று. மரத்துக்கே மனம் இரங்கும் அளவுக்கு மனிதர்கள் உறுதியாக இருந்தார்கள் என்று கொள்வதே நியாயம்.

அதன் பிறகு யமகண்டம். ஆழமாகக் குழி வெட்டி, அதன்மேல் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை வைத்து, மேலே உறி கட்டிப் புலவரை உட்கார வைத்தார்கள். கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள். கத்திகளின் சங்கிலி யானைகளிடம். ஒரு பாட்டுப் பிசகினால் பாகன் யானையை ஓட்டுவான். கேட்டதற்கெல்லாம் கேட்ட கணமே காளமேகம் பாடிக் கீழே இறங்கினார். ‘ஆசனம் கேட்டாரே, கொடுத்துவிட்டோம்’ என்று சபையோர் மனநிறைவு அடைந்திருப்பார்கள். அப்படியும் ராயர் பரிசு தரவில்லை, பாராட்டவில்லை. இதைத்தான் நான் நுணுக்கம் என்கிறேன். தோற்றவனைத் தாழ்த்த எந்த மூடனாலும் முடியும். ஜெயித்தவனை அவன் ஜெயித்த இடத்திலேயே ஒன்றும் நடக்காததுபோல் வழியனுப்புவதற்கு ராஜரத்தம் வேண்டும்.

எதிர்த்தரப்பின் தரத்தையும் சொல்ல வேண்டும். காளமேகம் என்ன செய்தார்? ‘கவி’ என்ற சொல்லுக்குக் குரங்கு என்றும் பொருள் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, தண்டிகைப் புலவர்களைப் பார்த்து வால் எங்கே என்று கேட்டார். ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று சபித்தார். பச்சை வசை. வைகிறவன் எதிராளியைத் தனக்குச் சமமாக வைத்துத்தான் வைகிறான். சண்டை போடத் தகுந்தவன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கிறான். அந்த மரியாதையைக்கூடக் காளமேகத்துக்குத் தராதவர்கள் அந்தச் சபையினர். இலக்கிய உலகம் என்னவோ அவர் பாட்டை வைத்துக்கொண்டு, அதிமதுரகவிராயரின் பாட்டைத் தேட வேண்டிய நிலைக்கு விட்டுவிட்டது. காலத்துக்கும் இங்கிதம் போதாது.

ஆனால் ராயரின் பட்டினமே பின்னாளில் இந்தக் கலைக்குப் பாடமாக ஆன பாக்கியத்தைச் சொல்லாமல் விட முடியுமா? 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் திருமலைராயன்பட்டினத்துக்குத் தங்கள் ஏட்டில் வைத்த பெயர் ‘கிராந்த் ஆல்தே’. பொருள், பெரிய கிராமம். பெரிய என்று முதலில் தூக்கி, கிராமம் என்று அடுத்து இறக்கிய அழகைப் பாருங்கள். தூக்கியவர் மேல் கோபப்படவும் முடியாது, இறக்கியவர் மேல் வழக்குப் போடவும் முடியாது. பிறகு சுதந்திரம் வந்தது, நம்மவர் ஆட்சி வந்தது. நம்மவர்கள் பிரெஞ்சுக்காரரைவிடச் சிக்கனமானவர்கள். பேருந்துப் பலகையிலும் அரசு ஏட்டிலும் அது இன்று ‘டி.ஆர். பட்டினம்’. ஒரு புலவருக்கு ஓர் இருக்கை கொடுக்காத மகாராஜா, தம் பெயருக்கே இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் இடம் கிடைக்காமல் பேருந்து நெற்றியில் தொங்கிக்கொண்டு போகிறார்.

பிரெஞ்சுத் துரைமார்களின் கைவண்ணத்தைப் பற்றித் தனி நூலே எழுதலாம். இரண்டு ரத்தினங்களோடு நிறுத்துகிறேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முத்திரையில் பொறித்துக்கொண்டவர்கள் அவர்கள். 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல் ஐரோப்பியச் செருப்பு அணிந்து வந்தார். சட்டம் படித்தவர், வாதாட உரிமை பெற்றவர், பிரெஞ்சில் பேசக்கூடியவர். இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட நீதிபதியால் பாதரட்சையை மட்டும் பொறுக்க முடியவில்லை. சமத்துவம் கணுக்கால் வரைக்கும்தான் என்று இவ்வளவு நேர்த்தியாக அளந்து காட்டிய நீதிமன்றம் வேறு எங்கே இருக்கும்? பிள்ளை பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய்ச் செருப்பை வென்றார். ஒரு ஜோடிச் செருப்புக்காக வழக்கைக் கடல் தாண்ட வைப்பதும் ஆளைச் சிறியவராக்கும் வழிதான் என்பதை அவர் வெற்றியின் களிப்பில் கவனித்திருக்க மாட்டார்.

இரண்டாவது, 1884இல் வந்த வாக்காளர் பட்டியல். மக்கள் எல்லாரும் சமம் என்பதால் அவர்களை மூன்றே மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். முதலாவது ஐரோப்பியர். அடுத்தது, தங்கள் சொந்தச் சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’கள். கடைசியில் மிச்சமிருந்த எல்லாரும், அதாவது ஏறக்குறைய ஊர் முழுவதும். கைவிரலில் எண்ணத்தக்க முதல் பட்டியலாருக்கும் கடல்போன்ற கடைசிப் பட்டியலாருக்கும் தராசில் ஒரே எடை. வாக்கு இல்லை என்று சொல்லி ஆண்பிள்ளை யாரையும் புண்படுத்தவில்லை. வயது வந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு உண்டு. யாருடையது எவ்வளவு என்பதில் மட்டும் சற்றே வித்தியாசம்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முந்திய ஆதிகுரு ஒருவர் காரைக்காலிலேயே வாழ்ந்தார். வணிகர் குலதிலகம் பரமதத்தன். மனைவி புனிதவதி, கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றைச் சிவனடியார்க்குக் கொடுத்துவிட்டார். கணவன் இரண்டாவது கேட்டபோது இறைவன் அருளால் இன்னொன்று கைக்கு வந்தது. அதன் சுவையே வேறாக இருந்தது. நடந்ததை அறிந்த பரமதத்தன் மனைவியை அடித்தானா? ஏசினானா? பிறந்தகத்துக்கு அனுப்பினானா? அதெல்லாம் பாமரர் வழி. அவன் அவரைத் தெய்வம் என்று எண்ணினான். தெய்வம் என்று எண்ணியதை யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிப் பாண்டிநாட்டுக்குப் போய் வேறொரு பெண்ணை மணந்துகொண்டான். தேடி வந்த மனைவியின் காலில் புதுக் குடும்பத்தோடு விழுந்து கும்பிட்டான். பிறந்த பெண்ணுக்கு அவர் பெயரையே வைத்ததாகவும் சொன்னான். ஊரார் அவனைக் குறை சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் தவித்திருப்பார்கள். மிதித்தால் பாவம் வரும். கும்பிட்டால் புண்ணியமும் வரும், வீடும் காலியாகும். அம்மையார் அந்த அழகிய உடம்பையே உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டு கயிலைக்கு நடந்தார். அங்கே ஒருவன் ‘அம்மையே’ என்று அழைத்தான். அவன் உட்கார இடமும் கொடுத்தான். கோயில்களில் 63 நாயன்மார் வரிசையைப் பாருங்கள், மற்றவர் நிற்க அவர் அமர்ந்திருப்பார். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவின்போது மாடியிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கும் காரைக்கால் நகரத்தார், பரமதத்தனின் கண்டுபிடிப்பையும் மறந்துவிடவில்லை. வீட்டு லட்சுமி என்று சொல்லிச் சொத்துப் பத்திரத்தில் பெயரைச் சேர்க்காத அவன் சீடர்கள் தெருவுக்குத் தெரு செழித்து வாழ்கிறார்கள்.

இன்றைய ஆசான்மார்களிடம் வருவோம். ஓர் அலுவலகம், எது என்பது முக்கியமில்லை, எல்லா அலுவலகத்திலும் அவர் இருக்கிறார். மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் கோப்புகள் அமர்ந்திருந்தன. கிளிஞ்சல்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்து நின்றார், முந்தானையில் முடிந்த பாஸ்புக்கோடு. அதிகாரி நிமிரவில்லை. நிமிராமல் இருப்பதிலும் தரங்கள் உண்டு. வேலையில் மூழ்கி நிமிராதவர் கடைநிலை. வேலையில்லாமலேயே நிமிராதவர் ஞானி. இவர் கைபேசியில் ஏதோ ஒன்றை விரலால் மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

‘ஐயா, ரெண்டு மாசமா பென்ஷன் வரலைங்க.’

‘ம்.’

அந்த ஒற்றை ‘ம்’முக்குள் ராயரின் சபை முழுவதும் அடங்கியிருந்தது. சற்று நேரம் கழித்து ஐயா திருவாய் மலர்ந்தார்.

‘போன் நம்பர் என்ன?’

‘மவன் நம்பருதாங்க.’

‘ஓ, போனெல்லாம் இருக்கா!’

பக்கத்து மேசையார் இருவர் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். சிரிக்கப்படுகிறவரையே சிரிப்பில் கூட்டுச் சேர்ப்பது எவ்வளவு உயர்ந்த ஜனநாயகம்! பாஸ்புக் புரட்டப்பட்டது, ஆதாரில் ஒரு பெயர், புத்தகத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக ஒரு பெயர்.

‘ஒம் பேரே ஒனக்குத் தெரியாதா? போயிட்டுத் திங்கக்கிழமை வா.’

அந்த எழுத்தைக் கூட்டிப் போட்டவர் இதே போன்ற இன்னொரு மேசைக்காரர் என்பதைச் சொல்லிப் பாட்டியின் மனத்தைக் குழப்பாத கருணையையும் கவனியுங்கள். அதற்குள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். ‘அடடே வாங்க சார், உக்காருங்க சார்’ என்று கோப்புகள் ஒரே கையால் தரையிறங்கின, நாற்காலி வெளிப்பட்டது. திருமலைராயர் காலத்தில் கலைமகள் செய்த அற்புதத்தை இந்த அதிகாரி இரண்டு விநாடியில் செய்துவிட்டார், வேறு ஆளுக்கு. பாட்டி வெளியே வந்து, வராந்தாவில் காத்திருந்த இன்னொருத்தியிடம் நிம்மதியாகச் சொன்னார்: ‘இன்னிக்கு ஐயா நல்லாப் பேசுனாரு. ஏசல.’

ஏசாததற்கு நன்றி வாங்கும் அளவுக்குக் கலையை வளர்த்தவருக்கு என்ன விருது கொடுத்தால் தகும்? எனக்குத் தெரிந்து எந்த அகராதியிலும் இதற்கு இன்னும் சொல் இல்லை.

தனி மனிதருக்கு இப்படி என்றால், ஊருக்கே செய்து காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மயிலாடுதுறையிலோ திருவாரூரிலோ போய் ‘சொந்த ஊர் காரைக்கால்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஓ, காரைக்காலா!’ என்பார்கள், கட்டைவிரல் வாயை நோக்கிச் சற்றே சாயும், கண் ஒன்று சிமிட்டும். முடிந்தது. அற்புதத் திருவந்தாதி பாடிய அம்மையாரும், அரசலாறும், கடற்கரையும், திருநள்ளாறும், 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 மக்களும், வாஞ்சூர் எல்லையில் வரி குறைந்த ஒரு குவார்ட்டர் பாட்டிலுக்குள் இறங்கி மூடி போட்டுக்கொள்வார்கள். பாரிஸிலிருந்து கொண்டே அமெரிக்காவைக் குறுக்கிய பூஃபோனுக்குப் பல ஏடுகள் தேவைப்பட்டன. மயிலாடுதுறைக்காரருக்கு ஒரு விரல் போதுகிறது.

திருநள்ளாற்றுக்கு வரும் பெருமக்களின் மரியாதை இன்னும் உயர்ந்த வகை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி என்றால் நாடே திரண்டு வரும். வந்தவர்கள் நளதீர்த்தத்தில் மூழ்கி, தங்கள் பீடையையும் அதைச் சுமந்த துணியையும் அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். தங்கள் கெட்ட காலத்தை ஒப்படைப்பதற்கு நம்பிக்கையான இடம் என்று ஒரு தேசமே ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய கௌரவம்! துணியை வாரிக் குவிப்பவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை என்பது அந்தக் கௌரவத்தின் இன்னொரு சிறப்பு.

சொந்தத் தலைநகரம் செய்யும் சிறப்பை எப்படிச் சொல்வது? காரைக்கால்காரர் தம் சட்டமன்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் பெரும்பகுதியை அயல் மாநிலத்தில் பயணம் செய்து தம் சொந்த அரசை அடைய வேண்டும். ஒன்றியப் பகுதிக்குப் பெயர் புதுச்சேரி. காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றும் அந்தப் பெயருக்குள் அடக்கம். வண்டிக்கு எண் பி.ஒய்.02. இரண்டு என்பது எவ்வளவு நாகரிகமான எண்! மூன்றும் நான்கும் மாகேக்கும் ஏனாமுக்கும் போனதால், அவர்களைப் பார்த்து நாமும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளலாம். தாழ்த்தப்பட்டவருக்கும் தாழ்த்த ஓர் ஆளைக் கையளித்து வைப்பதுதான் நல்லாட்சியின் இலக்கணம்.

கடைசியாக, பாசத்தோடு செய்கிறவர்கள். இந்த வகையை ஆங்கிலத்தார் ‘பேட்ரனைஸ்’ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது கோடை விடுமுறையில் விமானத்தில் வந்து இறங்கும். பிரெஞ்சுப் படையில் சேர்ந்த ‘சொல்தா’ பாட்டனாரின் தயவால் பாரிஸ்வாசியான சித்தப்பா மகன், கூடத்தில் சோபாவில் சாய்ந்து, சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: ‘பரவாயில்லையே, இங்கேயும் வைஃபை வருதே!’ பிறகு சாக்லேட் டப்பாவைத் திறந்து, ‘அங்கே இதெல்லாம் ரொம்பச் சாதாரணம். உங்களுக்குப் பிடிக்கும்னு எடுத்துட்டு வந்தேன்’ என்பார். கிளம்பும்போது தோளில் கை போட்டு, ‘உனக்கென்னடா குறை, இங்கேயே நிம்மதியா இருக்கே’ என்பார். வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய் வாசல் வரை வந்து பெட்டி தூக்குவார். ராயர் ஆசனம் கொடுக்காமல் சாதித்தார். இவர் நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டே சாதிக்கிறார்.

இத்தனை மேதைகள் வாழும் மண்ணில் இக்கலைக்கு ஒரு கல்லூரி இல்லாதது பெருங்குறை. திருமலைராயன்பட்டினத்தில் அதை நிறுவ வேண்டுமென அரசை அடிபணிந்து வேண்டுகிறேன். பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்துப் போதும். வகுப்பறைக்கு ஒரு நாற்காலி போதும், அதுவும் ஆசிரியருக்கு. சேர்க்கைத் தேர்வு வைக்கவே வேண்டாம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு நிற்க வைத்தால், உட்காரச் சொல்லாததைக் கவனிக்காதவர்கள் தேர்ச்சி பெற்றவர்கள்.

இதுவரை பொறுமையாகப் படித்த தங்களுக்கு என் நமஸ்காரம். இவ்வளவு நீளமான கட்டுரையைத் தாங்கள் முடித்தது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். எல்லாம் புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தங்கள் அளவுக்குப் புரிந்தவரையில், பரவாயில்லையே.